முப்பது வயதுக்காரர்

துறைமுக வாசலில் கூலிகளைக் கணக்கெடுக்கும் வேலை எனக்கு. தொழில், மதம் என்றால் அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். வயது என்றால் எண்ணைக் கேட்டு, அது விழும் பிரிவில் ஒரு கோடு போட வேண்டும். வெயிலில் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுவிடும்.

வரிசையில் வந்தவர்களில் ஒருவர் நிலக்கரி தூக்குபவர், முதுகு கூனியவர். மேஸ்திரி ஆள் எடுக்க வருமுன் கரித்தூளை எச்சிலில் குழைத்து மீசையில் தடவிக்கொள்வார்.

“வயசு?”

“முப்பது போடு நைனா.”

“பாத்தா அப்படித் தெரியலையே.”

“மெதுவா பேசு. நாப்பதுன்னு மேஸ்திரி காதுல வுழுந்தா இன்னிக்கு வேல கெடையாது.”

கோடு போட்டேன். நரைத்தவர்கள் எல்லோரும் முப்பதுதான் சொன்னார்கள். மாலையில் அட்டவணை போட்டபோது அந்த ஒரு பிரிவில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நாற்பதுக்கு மேல் எல்லாம் காலி. ‘தொழிலாளர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்’ என்று எழுதி மேலதிகாரி கையெழுத்திட்டார்.

சில நாள் கழித்து ராயபுரம் ஸ்டேஷன் குழாயடியில் அவரைப் பார்த்தேன். முகம் கழுவியிருந்தார். மீசை வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இங்க மேஸ்திரி இல்ல. நெஜ வயசைச் சொல்லுங்க.”

ஈர மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“தெர்ல நைனா. முப்பது முப்பதுன்னே சொல்லிக்கினு கீறேனா, நெஜம் இன்னான்னு மறந்தே பூட்ச்சு.”

இரண்டு பேரும் ரயிலுக்காக நின்றோம்.