ஏழாம் பக்கத்தை யார் படித்தார்கள்

நின்றுகொண்டே கணக்குப் போடுகிறாள். சேரப்பணஞ்சேரி திருப்பத்தில் கம்பெனி பஸ் வரும்வரை சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்து, அதன்மேல் நோட்டை வைத்து எழுதுவாள். யாராவது இடித்துப் பேனா இழுத்துவிட்டால் தலை நிமிராமலே, "செத்த தள்ளித்தான் நில்லுங்களேன்" என்பாள். தன் கணக்கில் தவறு கண்டால் மட்டும் ஒரு 'ச்' கொட்டுவாள்.

இசக்கிசெல்விக்கு இருபத்திரண்டு வயது. நாங்குநேரிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் லைன் வேலை, அஞ்சல்வழியில் பி.எஸ்சி. கணிதம், மூன்றாம் ஆண்டு. விடுதியில் எனக்கு அடுத்த கட்டில். அவளுடைய பழைய லேப்டாப்பில் எட்டாம் எண் பொத்தான் கழன்றுவிட்டது. எட்டு வேண்டுமானால் வேறெங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டுவாள். அதற்காக ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

உலகமெங்கும் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளவும் திருத்தவும் கூடிய கணித மென்பொருள் ஒன்று இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கையில் ஓர் அசமன்பாட்டை அதனிடம் கொடுத்திருக்கிறாள். ஐந்தும் அதற்கு மேற்பட்ட எண்களும் விடை என்றது. தனியாக நிற்கும் இரண்டு என்ற எண்ணும் விடைதான், அதை விட்டுவிட்டது. "கம்ப்யூட்டரே தப்பா சொல்லுது எக்கா" என்று என்னை உலுக்கிக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. அவள் முகம் மட்டும் புரிந்தது.

அந்த மென்பொருளில் வேலை செய்ய மாணவர்களுக்கு ஒரு கோடைத் திட்டம் உண்டு. என்ன செய்யப்போகிறோம் என்று முன்மொழிவு எழுதி, பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அசமன்பாடுகளை அது தவறில்லாமல் தீர்க்க ஒரு வழி சொல்லிப் பன்னிரண்டு பக்கம் எழுதினாள். வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்ற கேள்விக்கு, தன் ஷிப்ட் நேரங்களை எழுதி, மீதி மணிகளைக் கணக்கிட்டிருந்தாள்.

வெளியிடும் முன் ஒருவரிடம் காட்ட நினைத்தாள். குன்றத்தூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களின் முன்மொழிவுகளைப் பார்த்துச் சொல்லும் பிரவீன் என்ற சாஃப்ட்வேர்காரரிடம் போனோம். அவர் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தைத் திருத்தினார். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். ஷிப்ட் நேரத்தின் மேல் ஒரு கோடு.

"இது இன்னாத்துக்கும்மா? லைன்ல வேலைன்னு பாத்தா படிக்கவே மாட்டாங்க. ஸ்டூடண்ட்னு மட்டும் போடு."

நடுப்பக்கங்களில் போட்டிருக்கும் கணக்கு சரியா என்று கேட்டாள். அதெல்லாம் திட்டத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

திரும்பும் பஸ்ஸில்தான் வெடித்தாள். "பொய் சொல்லவா அவ்வளவும் எழுதுனேன்? நான் பாக்க வேலைய எதுக்கு மறைக்கணும்? கணக்கு இருக்க பக்கத்த அந்தாளு திருப்பவே இல்லக்கா." ஜன்னலோரச் சீட்டைக்கூட வேண்டாமென்று நின்றுகொண்டே வந்தாள்.

ஒரு வரி மாற்றாமல் அப்படியே வெளியிட்டாள். ஒன்பது நாள் பதிலில்லை. ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தவுடன் பார்ப்பாள். பத்தாம் நாள் முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். ஏழாம் பக்கம், நான்காம் வரி: நீ சொல்லும் வழி, பின்னத்தின் கீழ்எண் பூச்சியமாகும் எண்ணையும் விடையில் சேர்த்துவிடுமே?

முதலில் கொதித்தாள். இவருக்கு மட்டும் என்ன தெரியும் என்றாள். நோட்டை எடுத்தாள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 'ச்' கேட்டது. அன்றே திருத்தி எழுதினாள். வேலையைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மே மாதம் திட்டத்துக்குத் தேர்வானவர்களின் பட்டியல் வந்தது. இருந்தது நான்கு இடம். அவள் பெயர் இல்லை. ஆனால் இரண்டு என்ற விடையை விட்டுவிடும் அந்தத் தவறுக்கு அவள் எழுதியனுப்பிய திருத்தத்தை மென்பொருளில் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது அது சரியான விடை சொல்கிறது.

இடம் கிடைக்காத செய்தி எப்படியோ பிரவீனுக்கும் எட்டியிருக்கிறது. நேற்று பஸ் நிறுத்தத்தில் வாட்ஸ்அப் வந்தது: 'அன்னிக்கே சொன்னேன்ல, ஷிப்ட் மேட்டர எடுத்துடுன்னு.'

அவள் நோட்டை மூடினாள். பதில் எழுதி, மரியாதையாக இருக்கிறதா பார் என்று என்னிடம் நீட்டினாள். 'சார், ஏழாம் பக்கம் நாலாவது வரி தப்பு. நீங்க பாத்தீங்களா?'

நான் வாய் திறப்பதற்குள் போனை இழுத்து அனுப்பிவிட்டு, பஸ்ஸில் ஏறினாள்.