சாக்கெட் மெமரி தீர்ந்துபோன பிளஸ் டூ ரிசல்ட் நாள்

மழையில் நனைந்த ரப்பர் ஷீட்டின் அந்தப் புளித்த வாடை... குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டருக்குள் எந்நேரமும் இருக்கும். பக்கத்துக் கடை ரப்பர் வியாபாரம்.

2006. எனக்கு முதல் வேலை. பத்து கம்ப்யூட்டர்கள், அவற்றை இன்டர்நெட்டோடு இணைக்கும் பழைய லினக்ஸ் சர்வர் ஒன்று. சர்வர், என்னைவிட நாலு வயது மூத்த ஷீபா அக்காவின் பொறுப்பு.

மழை வந்தால் லைன் திணறும். பக்கங்கள் பாதியில் நிற்கும். ஒருநாள் அக்காவிடம் கேட்காமலேயே, சர்வரை உள்ளிருந்து இயக்கும் கர்னலில் ஓர் எண்ணை ஏற்றி வைத்தேன். பதில் வராத இணைப்பை உடனே கைவிடாமல் பலமுறை முயலட்டும் என்று.

ரிசல்ட் அன்று காலையிலேயே வாசல்வரை கூட்டம். ரிசல்ட் தளம் திறக்கவில்லை. எல்லாரும் ரீஃப்ரெஷ் அடித்துக்கொண்டே இருந்தார்கள்...

திடீரென்று பத்துத் திரைகளும் நின்றன. சர்வரில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது. சாக்கெட்டுக்கான, அதாவது இணைப்புகளுக்கான, மெமரி தீர்ந்துவிட்டதாம்.

அக்கா ரீஸ்டார்ட் செய்தார். ஐந்து நிமிடம் ஓடியது. மறுபடி அதே வரி.

"ஏட்டி, நீ எதையாவது மாத்தினியா?"

"இல்லக்கா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கல்ஃபிலிருந்து திரும்பி வந்து கடை போட்டிருந்த ஓனர், அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். "சர்வர் உனக்க பொறுப்புல்லா ஷீபா? பாக்கத் தெரியாதுன்னா முதல்லயே சொல்லப்பிடாதா?"

கத்திவிட்டு அவர் வாசல் கூட்டத்தைச் சமாளிக்கப் போனார். அக்கா மறுபடி ரீஸ்டார்ட் செய்யக் குனிந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அக்கா... நான்தான்."

எந்த எண் என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு ரீஃப்ரெஷுக்கும் ஒரு பழைய இணைப்பு அனாதையாகிறது. நான் ஏற்றிய எண்ணால், அதற்கு ஒதுக்கிய மெமரியை விடாமல் கர்னல் முயன்றுகொண்டே இருக்கிறது. புதிய இணைப்புக்கு இடமில்லை.

எண்ணைக் குறைத்தார். சர்வர் இந்த முறை நிற்காமல் ஓடியது. மகளின் நம்பர் எழுதிய சீட்டோடு நின்ற ஒருவர், மார்க்கைப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஓனர் மறுபடி வந்தார். "என்னவாக்கும் பிரச்சினை?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை.

"மாத்தினது நான் அண்ணே. அக்காவுக்குத் தெரியாது."

ஓனர் என்னைத் திட்டினார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கடை அடைக்கும்போது அக்கா கேட்டது ஒன்றுதான். "முதல்ல கேட்டப்போ ஏன் பிள்ளே இல்லன்னு சொன்ன?"

நான் ஷட்டரை இழுத்துவிட்டேன்.

இப்போது பெங்களூரில் சர்வர்களோடுதான் பிழைப்பு. மெமரிக்குப் பஞ்சமில்லை. யார் எதைத் தொட்டாலும் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகிவிடும். தப்பு செய்யாதவர் யாரும் இங்கே திட்டு வாங்குவதில்லை... நல்லதுதான்.

ஆனால் பொய் சொல்ல வழியில்லாத இடத்தில், தானாக முன்வந்து ஒத்துக்கொள்ளவும் வழியில்லை.