கடைசி வரியில் வைத்த பெயர்

குருபோங்கிலுள்ள தொழிற்சாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது விபத்தில் என் கணவர் இறந்தார். கதவோரம் தொங்கும் அவருடைய மழைக்கோட்டைப் பற்றி என் வலைப்பூவில் எழுதினேன். யாரும் வந்து படிக்கவில்லை. ஆள் வரட்டும் என்று, எவரும் எழுதக்கூடிய ஒரு பொதுத் தளத்தில் முழுவதையும் போட்டு, என் பெயரையும் வலைப்பூ முகவரியையும் கடைசி வரியில் வைத்தேன்.

அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு யாரோ வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் குடிவந்த அக்கா, வாசலில் நின்று கைப்பேசியை நீட்டினார்.

"படிச்சுப் பாரும்மா. யாரோ பொம்பள எழுதியிருக்கா, பாவம்லா."

"ஆமாக்கா, பாவம்" என்றேன். அழுகைகூட வரவில்லை. அக்காவின் தோளுக்குப் பக்கத்தில், கதவோரம் மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது எதை எழுதினாலும் பொதுத் தளத்தில் முதல் பத்தியை மட்டுமே போடுகிறேன்; முழுவதும் என் வலைப்பூவில்தான் இருக்கும். முதல் வாக்கியத்திலேயே என் கணவர் பெயரும் என் பெயரும் இருக்கும். அதை வெட்டினால் மீதி நிற்காது.