மிஞ்சியது நுளம்பு மட்டும்

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் சிரிப்புக்குப் புள்ளி போடப் போனேன்.

நம்புங்கள்... அங்கே ஒரு தனியார் கல்லூரியில் நகைச்சுவை எழுதவும் மேடையில் செய்து காட்டவும் ஒரு வருட டிப்ளோமா நடத்துகிறார்கள். இறுதிப் பரீட்சைக்கு என்னை வெளிப் பரீட்சகராகக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வாராவாரம் உங்களைச் சிரிக்க வைக்கிறேனாம். இதைக் கேட்டு என் கணவர்தான் முதலில் சிரித்தார்.

உள்ளே நுழைந்தால் மரண வீட்டு அமைதி. சுவரில் 'சத்தம் போட வேண்டாம்' என்று அறிவித்தல். பணிப்பாளர் டை கட்டிக்கொண்டு வந்து புள்ளிப் படிவத்தை நீட்டினார். கருவுக்கு இருபது, உச்சரிப்புக்கு இருபது, ஒழுக்கத்துக்கு நாற்பது. சிரிப்புக்கு? தேடித் தேடிப் பார்த்தேன்.

"அது 'ஏனையவை'க்குள்ள வரும் மிஸ்" என்றார். ஏனையவைக்கு இருபது.

காலையில் ஐந்து பேர் மாமியார் பகிடி சொன்னார்கள். ஒழுக்கம் ததும்பியது. நான் கொட்டாவியை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தேநீர் இடைவேளையில் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். கடைசியாக மேடையேற இருந்த ஷெரினின் தகப்பன். கொட்டாஞ்சேனை, துறைமுகத்தில் கிளார்க்.

"இவ பாஸ் பண்ணினா இதையே செய்யட்டும் மிஸ். இல்லாட்டி திங்கக்கிழமையே பெரியப்பாட ஒஃபிசுக்கு டைப் அடிக்கப் போகணும். அப்பிடித்தான் கதைச்சு வச்சிருக்கம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டில நல்லாச் சிரிக்க வைப்பா" என்றார்.

ஒரு பிள்ளையின் வாழ்க்கை என் பேனா முனையில் தொங்குகிறதே!

ஷெரின் மேடைக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம்.

"எண்ட ஸ்கிரிப்டை ரெண்டு கிழமைக்கு முதல் குடுத்தனான். கொலேஜ் திருத்தம் சொல்லி லெட்டர் அனுப்பியிருக்கு. இண்டைக்கு அதைத்தான் வாசிக்கப் போறன்."

வாசித்தாள். முகத்தில் ஒரு சிரிப்பில்லை.

'சர்ச் திருநாள் கமிட்டிச் சண்டையை நீக்கவும். பங்கு மக்கள் மனம் புண்படும். "மீன் மச்சம் சமைப்பீங்களோ?" என்று கேட்டு வீடு தர மறுக்கும் வெள்ளவத்தை வீட்டுக்காரரை நீக்கவும். நாமும் இங்கே வாடகைக்குத்தான் இருக்கிறோம். டொக்டர் மாப்பிள்ளையை நீக்கவும். எமது நிர்வாகக் குழுவில் மூன்று டொக்டர்கள் உள்ளனர். தகப்பனார் குறட்டை விடலாம். ஆனால் மரியாதையாக விட வேண்டும். இரத்தம் குடிக்கும் நுளம்பு பற்றிய பகுதி நன்று. அது எந்த வட்டாரத்துச் சாக்கடைக் கானில் பிறந்தது என்பதை மட்டும் குறிப்பிட வேண்டாம்.'

ஐயோ... மண்டபமே குலுங்கியது! தகப்பன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பணிப்பாளரும் சிரித்தார் – கடிதத்தில் கையெழுத்து வைத்தது தான்தான் என்பது நினைவுக்கு வரும்வரை.

நம் ஆட்களுக்கு நகைச்சுவை பிடிக்காது என்று யார் சொன்னது? நன்றாகப் பிடிக்கும். பக்கத்து வீட்டைப் பற்றி என்றால்.

நான் தொண்ணூறு போட்டேன். பணிப்பாளர் 'ஃபெயில்' என்றார்.

"சனம் விழுந்து விழுந்து சிரிச்சதை நீங்கள் பார்க்கேல்லையா?"

"பார்த்தன் மிஸ். ஆனா அது அவட சொந்த ஆக்கம் இல்லையே. நாங்க எழுதின லெட்டர்."

எனக்கு வந்த கோபம்! கத்தினேன். மேசையில் தட்டினேன். படிவத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். வெளிப் பரீட்சகரின் கையெழுத்து கட்டாயமில்லையாம். பிறகு என்னத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்?

படிக்கட்டில் அப்பாவும் மகளும் காத்திருந்தார்கள். முடிவைச் சொன்னேன்... காரணத்தையும் சொன்னேன். ஷெரின் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். மனிதர் சிரிக்கிறார்!

"அப்ப திங்கக்கிழமை பெரியப்பாட ஒஃபிஸ்?" என்றாள் ஷெரின் மெல்ல.

"அதை விடு மகள்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மிஸ், ஒரு உதவி. அந்தக் காரணத்தை எழுத்தில வாங்கித் தருவீங்களா? இவட அடுத்த புரோகிராமுக்கு வேணும்."

வாங்கிக் கொடுத்தேன். கல்லூரி முத்திரையோடு.