சின்னப்பாவுக்குப் படைத்த ராமென்

என் தம்பி சின்னப்பா, இந்திராநகரில் ஒரு ஜப்பான் ஓட்டலில் சூப்பு காய்ச்சினான். அங்கே விற்பது ராமென். பெரிய கிண்ணத்தில் சூப்பு, அதில் நீள நீளமாக நூடுல்ஸ், மேலே பாதி முட்டை, கறித்துண்டு. விடியும் முன்னே சிவாஜிநகர் மார்க்கெட்டில் கோழி எலும்பு வாங்கி, மூட்டை கட்டி பஸ்ஸில் கொண்டுபோவான். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவார். இவன் சிரிப்பான். எதிர்த்துப் பேசத் தெரியாதவன். எலும்பு கரைந்து சூப்பு பால்போல வெளுக்கும்வரை அண்டா முன்னால் நின்றபடி கிண்ட வேண்டும். அதுதான் அவன் பிழைப்பு.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சாப்பிட மாட்டான். அவன் மனைவி வேதநாயகி தட்டு வைத்தால், "அங்கயே ஒரு கிண்ணம் ஃபுல்லா அடிச்சிட்டேன். அந்த சூப்பு இருக்குதே, அமிர்தம்!" என்பான்.

"எங்களுக்கு ஒரு நாளாவது கொண்டாரக் கூடாதா?"

"பார்சல் கெடையாதும்மா. நூடுல்ஸ் ஊறிப்போயிடும்னு குடுக்க மாட்டாங்க."

அவள் நம்பினாள். சம்பளமும் கொடுத்து வயிறார சாப்பாடும் போடுகிற இடம் யாருக்குக் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசினாள். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனான். கேட்டால், அடுப்புச் சூடு என்பான். போன வருஷம் வயிற்றுப்புண் முற்றி, ரத்தவாந்தி எடுத்துப் போய்ச்சேர்ந்தான். புருஷனுக்குச் சோறு போடாதவள் என்று தெருவில் பேச்சு வந்தது. வேதநாயகி ஒவ்வொருத்தரிடமும் சண்டைக்குப் போனாள்.

தலைத் திவசம் வந்தது. செத்தவருக்குப் பிடித்ததை வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். வடை, பாயசம் எல்லாம் செய்து வைத்துவிட்டு வேதநாயகி என்னிடம் அழுதாள்.

"அவருக்குப் புடிச்சது அது ஒண்ணுதான், அண்ணி. அது இல்லாம என்ன படையல்?"

பார்சல் கிடையாது என்பதால், ஓட்டலுக்கே போய் மேசையில் வைத்துப் படைப்பது என்று நாங்கள் இருவரும் கிளம்பினோம். சுருக்குப்பையில் திருநீறும் ஊதுபத்தியும் எடுத்துக்கொண்டேன்.

உள்ளே ஏ.சி. குளிர். எங்களைத் தவிர எல்லாரும் சின்ன வயசுக்காரர்கள். கிண்ணம் வந்ததும் நான் ஊதுபத்தியை எடுத்தேன். மேனேஜர் சுஹாஸ் ஓடி வந்தார்.

"பேடம்மா, வேண்டாம்மா! மேல பாருங்க, புகை பட்டா அலாரம் அடிக்கும்."

ஊதுபத்தி இல்லாமல் எப்படி? வேதநாயகி யோசித்தாள். சாப்பிடக் கொடுத்த இரண்டு குச்சிகளையும் எடுத்து, வாழைப்பழத்தில் பத்தி குத்துவதுபோல நூடுல்ஸ் நடுவில் நேராகக் குத்தினாள். கிண்ணத்தின் வெளிப்பக்கம் திருநீறு பூசினாள். கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க, வந்து சாப்பிடுங்க" என்று கூப்பிட்டாள்.

சுஹாஸ் மறுபடியும் வந்தார். "ஐயோ, அதை எடுங்கம்மா. ஜப்பான்ல செத்தவங்களுக்குத்தான் இப்படிக் குத்துவாங்க. கஸ்டமருங்க பாக்குறாங்க."

"எங்களுக்கும் செத்தவருக்குத்தான் சார்," என்றாள் வேதநாயகி. அவர் அடுத்த மேசைப் பக்கம் போய்விட்டார்.

சமையல்கட்டில் சின்னப்பாவோடு வேலை பார்த்த உமேஷ் எங்களை அடையாளம் கண்டு வெளியே வந்தான். கிண்ணத்தைப் பார்த்தான்.

"யாருக்கு அக்கா இது?"

"உங்க அண்ணனுக்குத்தாம்ப்பா. தெனம் ஆசையா சாப்பிடுவாரே."

உமேஷ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "அண்ணனா? அக்கா... அண்ணனுக்கு இந்த வாசனையே ஆகாது. அண்டா தெறந்தா குமட்டும். பின்னால போய் வாந்தி எடுத்துட்டு வந்து திரும்பக் கிண்டுவாரு. ருசி பாக்கக்கூட என்னைத்தான் கூப்புடுவாரு."

"அப்ப என்னதான் சாப்பிட்டாரு?"

"எலும்பு வாசனை மூக்குலயே நிக்குது, சோறு எறங்கலன்னு சொல்வாரு. டீ குடிப்பாரு. வேற வேலை பாருங்கண்ணான்னு சொல்லிப் பாத்தேன். வீட்ல இந்த வேலையால சந்தோஷமா இருக்காங்கன்னாரு."

வேதநாயகி குச்சிகளைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். படைத்ததைக் கொட்டக் கூடாது என்பதால் ஸ்பூனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். நானும் ஒரு வாய் வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் வலித்தது. அவள் நிமிரவே இல்லை. கிண்ணத்தைத் தூக்கி அடிச்சூப்பு வரைக்கும் குடித்தாள்.

பஸ்ஸில் வரும்போது சொன்னாள்.

"நல்லா சாப்பிடறாருன்னு ஊரோட சண்டை போட்டேனே, அண்ணி. என்னைப் பொய்க்காரியாக்கிட்டுப் போயிட்டாரு. இனிமே அவருக்கு நான் எதையும் படைக்க மாட்டேன்."

சொன்னபடியே நிறுத்திவிட்டாள். அடுத்து வந்த அமாவாசைக்கு அவள் வீட்டில் விளக்கு மட்டும் எரிந்தது, இலை போடவில்லை. முருகா, அவள் கோபத்தைப் பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு, என் வீட்டில் நான் இலை போட்டேன். என்ன வைப்பது? கூடப்பிறந்தவனுக்கு எது பிடிக்கும் என்று எனக்கும் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் வைத்தேன்.