மூதூர்க்காரனின் வலது முழங்கால்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் முன்வரிசையும் அதோடு போய்விட்டது. கப்பல் பழுது பார்க்கும் டொக்யாட்டில் ஆட்களைக் குறைத்தார்கள். வேலை போன கையோடு ஒருவன் கொழும்புக்குப் போனான். இன்னொருவன் வாழைச்சேனைப் பக்கம் போனான். எங்களுக்காக அதிகம் கோல் போட்டவன் மலாயாவில் இருந்த மாமனிடம் கப்பலேறினான். எஞ்சியவர்கள் மூச்சு வாங்கும் பின்வரிசைக்காரர்களும் பள்ளிக்கூடம் விட்ட பொடியன்களும்தான்.

எனக்கும் வேலை போயிருந்தது. பட்டறையில் கொதிகலன் பழுது பார்ப்பவர்களுக்கு உதவியாளாக இருந்தவன் நான். காலையில் எழுந்ததும் பழக்கதோஷத்தில் காக்கிக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு துறைமுக வாசலுக்கு நடப்பேன். அங்கே என்னைப்போலப் பலர் நிற்பார்கள். கப்பல் ஏதும் வந்தால் கூலிக்குக் கூப்பிடுவார்கள் என்ற எண்ணம். வெயில் ஏறியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கலைந்து போவோம். வீட்டுக்குப் போகக் கால் வராது. நேரே சலூனுக்குப் போய்விடுவேன்.

அந்தச் சலூன்காரர் எங்கள் கழகத்தின் பெரிய ரசிகர். முடிவெட்ட வருகிறவர்கள் குறைந்து, கதைக்க வருகிறவர்கள் கூடியிருந்த காலம் அது. கதையெல்லாம் கழகத்தைப் பற்றித்தான். அந்தப் பருவத்தில் நாங்கள் பட்டியலின் அடியில் கிடந்தோம். கோல் போட்டே வெகுநாளாகியிருந்தது. கடைசி இடத்தில் முடித்தால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். எங்கள் இடத்துக்குப் புதிய கழகம் ஒன்று காத்துக்கொண்டிருந்தது. டொக்யாட் தொழிலாளர்கள் கூடித் தொடங்கிய கழகம் எங்களுடையது. டொக்யாட் ஆட்கள் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் கழகத்தின் செயலாளர் சலூனுக்குள் வந்தார். டொக்யாட்டில் பாரந்தூக்கி ஓட்டியவர், அவருக்கும் வேலையில்லை.

"மூதூர்க்காரனைக் கேட்டுப் பாப்பமோ?" என்றார்.

சலூன்காரர் சவரக்கத்தியைக் கீழே வைத்தார். "ஆரை? அந்தக் கண்ணாடிக் காலனையோ?"

மூதூர்க்காரனை எங்கள் எல்லாருக்கும் தெரியும். முன்பு நகரத்தின் பெரிய கழகமொன்றுக்கு ஆடியவன். அவன் பந்தோடு திரும்பினால் எதிர்ப்பக்கத்துப் பின்வரிசைக்காரன் வேறு திசையில் நின்றுகொண்டிருப்பான். ஆனால் அவனுடைய வலது முழங்கால் நினைத்த நேரத்தில் சில்லு விலகிவிடும். ஒருமுறை ஆரும் தொடாமலே மைதானத்தின் நடுவில் விழுந்தான். ஒருமுறை கோல் போட்ட சந்தோஷத்தில் துள்ளிக் கீழே வரும்போது விழுந்தான். கடைசியில் பெரிய கழகம் அவனைக் கைவிட்டது. அவன் மூதூருக்குத் திரும்பிக் கரைவலைக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குச் சலூனில் நடந்த வாக்குவாதம் வீதிக்குக் கேட்டிருக்கும். அந்தக் காலத்தில் விழுந்தவனுக்குப் பதிலாக இன்னொருவனை இறக்க முடியாது. ஒருவன் நொண்டினால் மீதிப் பத்துப் பேரும்தான் ஆடி முடிக்க வேண்டும்.

"அவன் கெட்டிக்காரன்தான், ஆர் இல்லையெண்டது?" என்றார் சலூன்காரர். "கால் அவன்ர சொல்லைக் கேக்காதே. அரைவாசி ஆட்டத்தில விழுந்தானெண்டா என்ன செய்வியள்?"

"இப்ப என்ன கிழிக்கிறம்?" என்று செயலாளர் கத்தினார். "பதினொரு பேரும் நிண்டு ஒரு கோல் போட ஏலாமக் கிடக்கிறம். பத்துப் பேரோட தோத்தா மட்டும் என்ன குறைஞ்சு போகும்?"

சலூன்காரர் சவரக்கத்தியை எடுத்துத் தீட்டத் தொடங்கினார். தீர்மானம் அங்கேயே ஆகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செயலாளரும் சலூன்காரரும் நானும் லாஞ்சிப் படகில் மூதூருக்குப் போனோம். கோயில் பூசை முடிந்து அவன் வீட்டு வாசலில் வலைத்துண்டொன்றைப் பொத்திக்கொண்டிருந்தான். நாங்கள் வாய் திறக்க முன்னரே எதற்கு வந்தோம் என்று விளங்கிவிட்டது. எழுந்து நின்றான். முகத்தில் வெளிச்சம் வந்தது. எங்களைவிட அவனுக்குத்தான் அது தேவையாக இருந்தது.

"கால் எப்படி, தம்பி?" என்று செயலாளர் கேட்டார்.

"ஒண்டுமில்லை அண்ணை. வலை இழுக்கிறன்தானே. இறுக்கமாத்தான் இருக்கு."

குசினிப் பக்கமிருந்து அவன் மனைவி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். "இறுக்கமா இருக்கோ? இரவில எண்ணெய் போட்டு உருவிவிடுறது நான். எனக்குத் தெரியும். அண்ணை, பந்தடிக்கிற ஆக்களுக்கு இவற்ற கால் விளையாட்டு. எங்களுக்கு அதுதான் சோறு."

"சும்மா இரும்" என்றான் அவன். அவள் சும்மா இருக்கவில்லை. ஆனாலும் நாங்கள் திரும்பும்போது அவன் வருவதென்று சொல்லிவிட்டான்.

முதல் ஆட்டத்திலேயே அவன் கோல் போட்டான். இரண்டு பேரை விலத்திக்கொண்டு, இடது காலால், மூலைக்குள். நாங்கள் வென்றோம். சலூன்காரர் மண்ணில் குந்தியிருந்து அழுதார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஆட்டத்தை முழுக்கச் சொன்னேன். அவள் அடுப்பை ஊதியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு நான் அவளோடு அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான்.

நம்பிக்கை வந்தபிறகு இருப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. கடைசி ஆட்டத்தை வென்றால் தப்பலாம் என்ற நிலை. அந்தக் கிழமை முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. துறைமுக வாசலில் நின்றபோது ஒரு கங்காணி கூலிக்கு ஆள் கேட்டதுகூட என் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்றவன் போய்விட்டான்.

கடைசி ஆட்டத்துக்கு அவன் மனைவியும் வந்திருந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வேம்பின் கீழ் இருந்தாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவன் தலையால் ஒரு கோல் போட்டான். நாங்கள் கத்தி முடிப்பதற்குள் இறங்கிய வலது கால் ஒருபக்கமாக மடிந்தது. அவன் கத்தவில்லை. புல்லைப் பிடுங்கிக்கொண்டு கிடந்தான்.

முழங்காலைச் சாரத்துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். வெளியே வா என்று செயலாளர் கூப்பிட்டார். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, நொண்டியபடி ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றான். எதிர்ப்பக்கத்தார் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. எங்கள் பத்துப் பேரும் இடைவேளைக்குப் பிறகும் கோல் வாசலில் சுவராக நின்று தடுத்தார்கள். ஆனாலும் முடிகிற நேரத்தில் ஒரு பந்து உள்ளே போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று. சமநிலை எங்களுக்கு உதவாது.

அதன்பிறகு நடந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஆரோ கண்ணை மூடிக்கொண்டு அடித்த பந்து எதிர்ப்பக்கத்தான் ஒருவனின் காலில் பட்டு உருண்டு உருண்டு அவனிடம் போனது. முன்னால் கோல் காப்பவனைத் தவிர ஒருவரும் இல்லை. வலது காலால் அடிக்கச் சக்தியில்லை. இடது காலால் அடிப்பதென்றால் வலது காலில் நிற்க வேண்டும். அவன் ஒரு கணம் பந்தைப் பார்த்தான். பிறகு இடது காலைத் தூக்கினான். ஊன்றிய கால் அவனைத் தாங்கவில்லை. விழுந்துகொண்டே தட்டிய பந்து கோல் காப்பவனின் கைக்குள் மெதுவாகப் போய் இருந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

முதலில் மைதானத்துக்குள் நடந்தது அவன் மனைவிதான். பிள்ளையை என் கையில் தந்துவிட்டுப் போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் சுற்றி நின்றோம். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"விடியக் கரைவலை வளைக்கினம்" என்றாள். "இவற்ற இடத்தில ஆள் நிக்காட்டி சம்மாட்டியார் வேற ஆளைப் பிடிச்சுப்போடுவார். பிறகு இவர் சுகமாகி வந்தாலும் கயிறு பிடிக்க இடமில்லை. உங்களில ஆர் வாறியள்?"

"நான் வாறன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. எனக்குப் போக வேறு இடமும் இருக்கவில்லை.

அன்றைக்குக் கடைசி லாஞ்சியில் அவனைத் தூக்கி ஏற்றிக்கொண்டு செயலாளரும் நானும் போனோம். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியார் எங்கள் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஆனாலும் சேர்த்துக்கொண்டார். பட்டறை இரும்பு பிடித்த கைதான் என்னுடையது. உப்புத் தண்ணீரில் ஊறிய கயிறு அதை முதல் நாளே உரித்துவிட்டது. முறைவைத்து இழுத்தோம். செயலாளர் களைத்துப் போகும் நாட்களில் சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து இழுத்தார். கோயில் விறாந்தையில் படுத்தோம். பங்காகக் கிடைத்த மீனை அவன் வீட்டில் கொடுத்தோம். அவன் மனைவி அதில் எங்களுக்கும் சமைத்தாள். எனக்குக் கிடைத்த கொஞ்சத்தைக் கருவாடாக்கி வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

அவன் மணலில் காலை நீட்டியபடி இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் மடியில் ஒரு மீனும் இல்லாமல் வலை கரையேறியது. நான் களைத்துப் போய் அவன் பக்கத்தில் இருந்தேன்.

"வலக்காலால அடிச்சிருக்கோணும்" என்றான்.

"அடிச்சிருந்தாலும் விழுந்திருப்பியள், தம்பி."

"விழுந்திருப்பன். ஆனாப் பந்து போயிருக்கும்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் எழும்பி வலையை உதறப் போனேன்.

கழகத்தை விலக்கிவிட்டார்கள். புதிய கழகம் வந்தது. நாட்டு வைத்தியரான பரியாரியார் எவ்வளவோ பார்த்தும் அவன் முழங்கால் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. மணலில் கால் புதைத்து இழுக்க அவனால் முடியாது என்று தெரிந்ததும், தோணியில் சுக்கான் பிடிக்கும் இடத்தைச் சம்மாட்டியார் அவனுக்குக் கொடுத்தார். அந்த வேலைக்கு முழங்காலைவிடக் கண்தான் முக்கியம். அவனுக்குக் கண் நல்லது.

கரைவலைப் பருவம் முடியும் நாளில் அவன் நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தான். "இனி நீங்கள் எனக்காக வரத் தேவையில்லை, அண்ணை. ஆனா என்ர கயிறு சும்மா கிடக்கு. உங்களுக்கு எண்டு சம்மாட்டியாரிட்டக் கேட்டனான். ஓமெண்டிட்டார்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் மூதூருக்கு வருவியா என்று கேட்டேன். அவள் எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து பிள்ளைகளின் உடுப்புகளை எடுத்து மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினாள்.