பிள்ளைக்கு என்ன தெரியும்?

மூன்று பக்க விண்ணப்பப் படிவம் அது. முதலில் பென்சிலால் நிரப்பி, பிறகு அதன்மேல் பேனாவை ஓட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக உயர்தரம் வரை படித்தவன் என்பதால், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வரிசை வீடுகளுக்கு வரும் எந்தத் தாளும் என் கைக்குத்தான் வரும். தங்கச்சியின் எதிர்காலமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை குறைவு. உயர்தரப் பரீட்சை முடிந்ததும், அடுத்து என்ன என்று லயமே கூடி யோசித்தது.

“புள்ளக் காம்பராவுல, கொழுந்தெடுக்கப் போறவங்க புள்ளைங்களுக்குத் தொட்டில் ஆட்டட்டும்” என்றார் அப்பா.

“தொட்டில்ல புள்ள இருக்கான்னு யாருப்பா பாக்குறது?” என்றாள் தங்கச்சி. அவளுக்கு மொழிபெயர்ப்பு படிக்க ஆசை. நானும் கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டு, படிவத்தில் ‘தெரிவு’ என்ற இடத்தில் ‘பிரம்பு வேலை’ என்று எழுதினேன். கை இருந்தால் போதும், கண் வேண்டாம், தங்க விடுதியும் உண்டு. அவளால் படிவத்தை வாசிக்க முடியாது. நானும் வாசித்துக் காட்டவில்லை.

பதுளைக்கு பஸ் ஏறினோம். பார்வை குறைந்தவர்களுக்குப் படிப்பும் தொழிற்பயிற்சியும் ஒழுங்கு செய்யும் அலுவலகத்தில் இருந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா. படிவத்தைப் புரட்டிவிட்டு, “பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார்.

கண் கிளினிக்கில் வருடக்கணக்காக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவன் நான். எழுந்து நின்றேன்.

“வெளிச்சமும் நெழலும் தெரியுங்க ஐயா. கிட்ட வந்தா ஆளு தெரியும். பஸ் போர்டு தெரியாது. கலர்ல மஞ்ச நல்லா தெரியும்.”

ஐயா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தங்கச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“சிங்களம் தெரியுங்க ஐயா. இங்கிலீஷ் தெரியும். டைப் பண்ணத் தெரியும். அண்ணனுக்குத்தான் கேள்வி தெரியல.”

“பிள்ளை எங்க சிங்களம் படிச்சது?”

“கண் கிளினிக் வரிசையிலங்க. டொக்டர் சிங்களத்துல சொல்றத நம்ம ஆளுங்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்லுவேன்.”

அத்தனை வருடமும் அதே வரிசையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். நம்பர் எப்போது வரும் என்பதைத் தவிர வேறெதையும் கவனித்ததில்லை.

“அப்ப இந்தப் பிரம்பு வேலை ஆற்றை விருப்பம்?”

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். “அண்ணனோடதா இருக்கும்ங்க.”

“அப்ப அவரைச் சேர்த்துவிடுவம்” என்று சொல்லி, ஐயா புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். பாதுகாவலர் கையொப்பத்துக்காக நான் பேனாவைத் திறந்தேன்.

“பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சுது தம்பி. நீர் கொஞ்சம் வெளியில இரும்.”

இப்போது அவள் மொழிபெயர்ப்பு படிப்பில் இரண்டாம் வருடம். அன்று அலுவலகத்துக்கு வெளியே வாங்குப் பலகையில் நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில்தான் எல்லாம் எழுதி முடிந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார்.

“கண்ணு தெரியாத புள்ளய தனியா விட்டுட்டு வந்துட்டீங்களே தம்பி. உள்ள என்ன பேசணும்னு அதுக்குத் தெரியுமா?”

“தெரியுங்க” என்றேன்.